தூக்கக் குளிசை அளவு மீறினால்: இரத்தமும் சிறுநீரும் சொல்வதும் சொல்லாததும்

திருகோணமலையில் ஒருவர் மயங்கிய நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டால், வாசலில் நிற்கும் உறவினர் ஏறத்தாழ எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என்ன குளிசை போட்டவர் எண்டு இரத்தத்தில பாத்தால் தெரியாதா?" ஆய்வுகூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், அந்தக் கேள்வியையும் அதையொட்டி வரும் ஏனைய கேள்விகளையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் இப்போது மயங்கிக் கிடக்கிறார் என்றால் இதை வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

தூக்கக் குளிசை என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

பொதுமக்கள் தூக்கக் குளிசை என்று சொல்வது ஒரு மருந்தல்ல. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குடும்பங்கள். அவற்றில் பெரியது பென்சோடயசிபைன் குடும்பம். டயசிபாம், குளோனசிபாம், லொரசிபாம், அல்பிரசோலாம் ஆகியவை அதைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தின் மூத்த பிள்ளையான குளோர்டயசிபொக்சைட் 1960 இலும் டயசிபாம் 1963 இலும் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன்னர் அரை நூற்றாண்டு காலம் தூக்கத்துக்கென்று கொடுக்கப்பட்டவை பாபிட்டுரேற்றுகள். அவற்றுள் 1912 இல் வந்த பீனோபாபிட்டோன் இன்றும் வலிப்பு நோய்க்கு வழங்கப்படுவதால், அது இருக்கும் வீடுகள் நம் மாவட்டத்திலும் உண்டு. தூக்கத்துக்கே தரப்படும் சொல்பிடெம் இவ்விரண்டிலும் சேராது. மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அமிற்றிப்டிலின், தடிமனுக்குப் போடும் பிரிட்டோன், அண்மைக் காலத்தில் கைதுச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பிரிகபலின் ஆகியவையும் அளவு மீறினால் ஆளை மயக்கத்தில் ஆழ்த்தக்கூடியவை.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியான பரிசோதனை தேவைப்படுவதால்தான் இந்தப் பட்டியலை முதலில் சொல்கிறேன். "தூக்கக் குளிசைக்கு ஒரு ரெஸ்ட்" என்று எந்த ஆய்வுகூடத்திலும் கிடையாது.

மருந்தைக் கண்டுபிடித்த பிறகுதானே சிகிச்சை தொடங்க முடியும்?

இல்லை. மயங்கியவரின் மூச்சுப் பாதையைத் திறந்து வைத்தல், ஒட்சிசன் கொடுத்தல், தேவைப்பட்டால் குழாய் செலுத்தி இயந்திரத்தின் துணையுடன் மூச்சு விடச் செய்தல் ஆகியவை எந்த அறிக்கைக்கும் காத்திருப்பதில்லை. பென்சோடயசிபைனை மாத்திரம் உட்கொண்டவர்களுள் மிகப் பெரும்பாலானோர், மூச்சும் இரத்த அழுத்தமும் கவனமாகப் பார்த்துக்கொள்ளப்பட்டால், மருந்து உடலை விட்டு நீங்க நீங்கத் தாமாகவே விழித்துக்கொள்கிறார்கள். மதுவோ வேறு மயக்க மருந்தோ சேர்ந்திருந்தால் நிலைமை மாறிவிடும்.

பென்சோடயசிபைனின் வேலையை முறிக்கும் புளூமசினில் என்ற மாற்று மருந்து இருப்பதை இணையத்தில் படித்துவிட்டு, "அதை ஏன் போடவில்லை" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நெடுநாளாகத் தூக்கக் குளிசை எடுத்துப் பழகியவருக்கோ, அமிற்றிப்டிலின் போன்றதைக் கலந்து விழுங்கியவருக்கோ அதைக் கொடுத்தால் கட்டுக்கடங்காத வலிப்பு வரக்கூடும். மேலும் அதன் வேலை ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் தணிந்துவிடுவதால், விழித்தவர் மறுபடியும் மயக்கத்துக்குள் போகலாம். எனவே வைத்தியர் அதைத் தவிர்ப்பது பெரும்பாலும் தெரிந்தே எடுக்கும் முடிவு.

அப்படியானால் முதல் மணித்தியாலத்தில் எடுக்கும் இரத்தம் எதற்கு?

மயக்கத்துக்கு வேறு காரணங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கே முதல் இரத்தம் முக்கியமாகப் பயன்படுகிறது. விரல் நுனியில் குத்தி இரத்த வெல்லத்தைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. நீரிழிவுக் குளிசையால் வெல்லம் இறங்கி மயங்கியவரும் தூக்கக் குளிசையால் மயங்கியவரும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் கிடப்பார்கள். அடுத்து உப்புகளின் அளவு, சிறுநீரகத் தொழிற்பாடு, இரத்த வாயுக்கள். ஆய்வுகூடத்துக்கு வெளியே நடப்பதாயினும் ஈசிஜியையும் இதனுடன் சேர்த்தே எண்ண வேண்டும். அமிற்றிப்டிலின் போன்ற மருந்து கலந்திருந்தால் அதன் அடையாளம் எந்தச் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் முன்னதாக ஈசிஜியில் விரிந்த அலையாகத் தெரிந்துவிடும்.

இவற்றோடு பரசிற்றமோல் அளவையும் பார்க்க முடிந்தால் பார்ப்பார்கள். கையில் அகப்பட்டதையெல்லாம் விழுங்கியவரின் வயிற்றில் பரசிற்றமோலும் இருப்பது வழமை. தூக்கக் குளிசையின் மயக்கம் தெளிந்த பிறகு ஈரலைக் கெடுப்பது அதுவே. அதற்குரிய இரத்தம் விழுங்கி 4 மணித்தியாலத்துக்குப் பின்னரே எடுக்கப்பட வேண்டும் என்பதால், "எத்தனை மணிக்குப் போட்டவர்?" என்று தாதி திரும்பத் திரும்பக் கேட்பதில் பொருள் உண்டு.

நம் மாவட்டத்துக்கே உரிய இரண்டு சந்தேகங்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். வயலுக்கு அடிக்கும் ஒர்கனோபொஸ்பேற்றுப் பூச்சிகொல்லி உள்ளே போனவருக்கும் மயக்கம் வரும். ஆனால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, வாயில் நீர் வழிந்து, வியர்த்துக் கொட்டும். இரவில் நிலத்தில் படுத்தவர் விடியும்போது எழும்பாமற் கிடந்தால், கட்டுவிரியன் தீண்டியதால் வந்த தசைச் செயலிழப்பாகவும் இருக்கலாம். கடிவாய் கண்ணுக்கே தெரியாத அந்த நோயாளிக்கு அருகில் ஒரு குளிசை அட்டை கிடந்துவிட்டால், எல்லோருடைய எண்ணமும் குளிசையின் பக்கமே போய்விடுகிறது.

சிறுநீரில் தோய்க்கும் பட்டை எப்படி வேலை செய்கிறது?

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்ரிக் கூட்டுக்குள் காகிதப் பட்டையொன்று இருக்கும். அதன் மேல் 'சி' என்றும் 'ரி' என்றும் இரண்டு எழுத்துகள். சிறுநீர் காகிதத்தில் ஊறி மேலே ஏறும்போது, மருந்தைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களான, நிறம் ஏற்றப்பட்ட எதிர்ப்புடலங்களைத் தன்னுடன் இழுத்துச் செல்கிறது. 'ரி' கோட்டில் முன்கூட்டியே மருந்தின் சாயல் கொண்ட பொருள் ஒட்டப்பட்டிருக்கும். சிறுநீரில் மருந்து இல்லையென்றால் எதிர்ப்புடலம் அந்தக் கோட்டில் போய்ப் பிடித்துக்கொள்ள, கோடு சிவக்கும். சிறுநீரில் மருந்து போதிய அளவு இருந்தால், எதிர்ப்புடலம் வழியிலேயே அதனால் நிரப்பப்பட்டுவிடுவதால் கோடு தோன்றாது.

ஆக, கோடு வந்தால் நெகட்டிவ். கோடு வராவிட்டால்தான் பொசிட்டிவ். கர்ப்பப் பரிசோதனைப் பட்டைக்கு நேர் எதிர். இதைப் புதிதாகப் பார்ப்பவர்கள் ஒருமுறையாவது தலைகீழாக வாசித்துவிடுகிறார்கள். நானும் பயிற்சிக் காலத்தில், நள்ளிரவு கடந்த ஒரு வேளையில், மங்கலாக ஒரு கோடு தெரிவதைக் கண்டு "அரைவாசி பொசிட்டிவ்" என்று எழுதப் போய், மூத்தவர் ஒருவர் பேனையைப் பிடித்து நிறுத்தியது நினைவில் இருக்கிறது. கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். அரைவாசிப் பொசிட்டிவ் என்று ஒன்று கிடையாது. 'சி' கோடே வராவிட்டால் அந்தப் பட்டை பழுது. வேறொன்றை எடுக்க வேண்டும். பட்டையை வைத்த பின் குறிக்கப்பட்ட நிமிடங்களுக்குள் வாசித்துவிட வேண்டும் என்பதும், நம் ஊர் வெயிலில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு ஈரப்பதம் ஏறிய பட்டையைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் சின்ன விடயங்களாகத் தோன்றினாலும், தவறுகள் நுழைவது இவ்விடங்களில்தான்.

பட்டை நெகட்டிவ் என்றால் குளிசை போடவில்லை என்று நிச்சயமாகச் சொல்லலாமா?

சொல்ல முடியாது. எந்த அறிக்கையிலும் "இல்லை" என்று எழுதுவதை நான் விரும்புவதில்லை. "காணப்படவில்லை" என்றே எழுத வேண்டும். தமிழில் இவ்விரண்டு சொற்களுக்கும் உள்ள தூரந்தான் இந்தப் பரிசோதனையின் முழுக் கதையும்.

பென்சோடயசிபைன் பட்டைகள் பெரும்பாலும் ஒரு மில்லிலீற்றர் சிறுநீரில் 200 அல்லது 300 நானோகிராம் என்ற எல்லைக் கோட்டை வைத்து ஆக்கப்பட்டவை. அவை தேடுவது விழுங்கிய குளிசையை அல்ல. ஈரல் அதை உடைத்து வெளியேற்றும் ஒக்சசிபாம், நோர்டயசிபாம் போன்ற பொருள்களை. டயசிபாம் உடைந்தால் இவை கிடைப்பதால் பட்டை எளிதில் பிடித்துவிடுகிறது. குளோனசிபாம் உடைந்தால் வருவது 7-அமினோகுளோனசிபாம் என்ற வேறொரு உருவம். லொரசிபாமோ குளுக்குரோனிக் அமிலத்துடன் பிணைக்கப்பட்டு, முக்காடு போட்டுக்கொண்டு வெளியேறுகிறது. இவ்விரண்டையும் பல பட்டைகள் தவறவிட்டுவிடும். சொல்பிடெமும் பிரிகபலினும் இந்தப் பட்டையின் கண்ணில் படவே மாட்டா. பிரிகபலின் ஏறத்தாழ மாற்றமின்றிச் சிறுநீரில் நிறைந்திருக்கும். தேடுவதற்குரிய பட்டை வேறு, அவ்வளவுதான்.

குளிசை வயிற்றில் இறங்கிச் சிறிது நேரத்துக்குள் எடுத்த சிறுநீரும், சேலைன் ஏற்றிய பின் நீர்த்துப்போன சிறுநீரும்கூட நெகட்டிவ் காட்டக்கூடும்.

பொசிட்டிவ் என்றால் மயக்கத்துக்குக் காரணம் அதுதானே?

அதுவும் நிச்சயமில்லை. கிளினிக்கில் டயசிபாம் எழுதிக் கொடுக்கப்பட்டு ஒழுங்காக எடுத்து வரும் ஒருவர் தலையில் அடிபட்டு மயங்கினாலும் பட்டை பொசிட்டிவ்தான். டயசிபாமும் அதன் சிதைவுப் பொருளான நோர்டயசிபாமும் உடலை விட்டு மெதுவாகவே நீங்குகின்றன. இரத்தத்தில் உள்ள டயசிபாம் பாதியாகக் குறையவே 20 முதல் 50 மணித்தியாலம் வரை செல்லலாம், நோர்டயசிபாமுக்கு அதைவிடக் கூடுதலாகும். நீண்ட காலம் எடுத்தவருக்கு நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் பொசிட்டிவ் வரலாம். மனச்சோர்வுக்கான சேற்றலின் போன்ற சில மருந்துகள் பென்சோடயசிபைனாக வேடம் காட்டுவதும் உண்டு.

எல்லாவற்றிலும் கூடுதலாக என்னை வருத்துவது வேறொன்று. வலிப்புடன் வந்த நோயாளிக்கு வைத்தியசாலையில் டயசிபாம் ஊசி போடப்படுகிறது. அல்லது மூச்சுக் குழாய் செலுத்துவதற்காக அதே குடும்பத்து மிடசோலாம் கொடுக்கப்படுகிறது. அதற்குப் பிறகுதான் சிறுநீர்ப்பைக் குழாய் வைத்து மாதிரி எடுக்கிறார்கள். பட்டை பொசிட்டிவ். நாம் கண்டுபிடித்தது நோயாளி விழுங்கியதையா, நாமே ஏற்றியதையா? ஒரு வைத்தியசாலையில் அவ்வாறு வந்த அறிக்கையொன்றை வைத்துக்கொண்டு, "மகள் தூக்கக் குளிசை போட்டிருக்கிறாள்" என்று தாயாருக்குச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு இருந்தது மூளைக்காய்ச்சல். ஆகவே மாதிரிக் குழாயின் லேபலில் பெயரும் விடுதி இலக்கமும் மட்டும் போதாது. எடுத்த நேரமும், அதற்கு முன்னர் கொடுத்த மருந்துகளும் விண்ணப்பப் படிவத்தில் எழுதப்பட வேண்டும்.

இரத்தமா, சிறுநீரா, எது மேல்?

கேள்வியைப் பொறுத்தது. கடந்த சில நாட்களில் என்ன உடலுக்குள் போயிற்று என்று அறியச் சிறுநீர் நல்லது. மருந்து அதில் செறிந்து கிடக்கும், அதிக நாட்களும் நிற்கும். இந்த நிமிடத்தில் மூளையை அழுத்திக்கொண்டிருப்பது என்ன, எவ்வளவு என்று அறிய இரத்தம் வேண்டும். வயிறு கழுவிய நீரில் கரையாத குளிசைத் துண்டுகள் அகப்பட்டால் அவற்றையும் எறிந்துவிடக் கூடாது.

இரத்தம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சிலவே, ஆனால் அவற்றைத் தவறவிட்டால் பின்னர் திருத்த இயலாது. மதுவின் அளவும் பார்க்கப்படவிருந்தால், கையைத் துடைக்க ஸ்பிரிட் பஞ்சைப் பயன்படுத்தக் கூடாது. சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் இருக்கும் சோடியம் புளோரைட்டு, நுண்ணுயிர்கள் மாதிரியில் மருந்தைத் தின்பதையும் மதுவைப் புதிதாக ஆக்குவதையும் தடுக்கிறது. சில குழாய்களின் அடியில் உள்ள ஜெல், மருந்தை உறிஞ்சி அளவைக் குறைத்துக் காட்டலாம். எடுத்ததைக் குளிரூட்டியில் 4 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். நாட்கணக்கில் வைக்க நேர்ந்தால் உறைய வைக்க வேண்டும்.

உறுதியான முடிவு எங்கே, எப்படிக் கிடைக்கும்?

பட்டை ஒரு சந்தேகத்தை மட்டுமே எழுப்புகிறது. உறுதி செய்வதற்கு நிறப்பகுப்பியலும் திணிவு நிறமாலையும் சேர்ந்த கருவி வேண்டும். மாதிரியில் முதலில் நொதியமொன்றைச் சேர்த்து, மருந்தைப் போர்த்தியிருக்கும் குளுக்குரோனிக் அமிலத்தைக் கழற்றுகிறார்கள்; முன்னே சொன்ன லொரசிபாமின் முக்காடு இங்கேதான் விலகுகிறது. பிறகு கரைப்பானிலோ திண்ம நிரலிலோ மருந்தைப் பிரித்தெடுத்து, கருவிக்குள் செலுத்துகிறார்கள். நீண்ட மெல்லிய குழாயினூடே ஒவ்வொரு பொருளும் தனக்கேயுரிய நேரத்தில் வெளிவர, அது துண்டு துண்டாக உடைக்கப்பட்டு, துண்டுகளின் எடை அளக்கப்படுகிறது. வந்த நேரமும் உடைந்த விதமும் இரண்டுமே பொருந்தினால்தான் இன்ன மருந்து என்று ஒப்புக்கொள்ளப்படும். ஐதரசனுக்குப் பதிலாக அதன் பாரமான வடிவமான டியூற்றீரியம் ஏற்றிய அதே மருந்தைத் தெரிந்த அளவில் மாதிரியுடன் முதலிலேயே கலந்துவிடுவதால், வழியில் எவ்வளவு இழந்தோம் என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இத்தகைய பகுப்பாய்வுக்குத் திருகோணமலையிலிருந்து மாதிரி கொழும்புக்குப் போக நேர்ந்தால், தூரம் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் பக்கற்றுகளுக்கு நடுவே அது பயணம் செய்கிறது. கிண்ணியாவிலிருந்து நோயாளிகள் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறி இறங்கி வந்த காலம் 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்ததோடு முடிந்தது. ஆனால் கருவிக்கும் மாதிரிக்கும் இடையிலான தூரம் பாலத்தால் குறைவதில்லை. ஆகவே உறுதிப்படுத்தும் அறிக்கை வரும்போது நோயாளி பெரும்பாலும் வீடு போயிருப்பார்.

இரத்தத்தில் உள்ள அளவைக் கொண்டு எவ்வளவு ஆபத்து என்று சொல்லலாமா?

பென்சோடயசிபைன்களில் அவ்வளவாக முடியாது. பல ஆண்டுகளாக எடுத்துப் பழகியவர், இன்னொருவரை ஆழ்ந்த மயக்கத்தில் வீழ்த்தும் அளவுடன் நடந்து திரிவார். ஆதலால் வைத்தியர்கள் எண்ணைவிட நோயாளியின் மூச்சையும் விழிப்பு நிலையையும் நம்புகிறார்கள், சரியும் அதுவே.

பீனோபாபிட்டோன் இதற்கு விலக்கு. அதன் சிகிச்சை அளவு லீற்றருக்கு 15 முதல் 40 மில்லிகிராம் வரை என்று தெரிந்திருப்பதாலும், அது இரத்தத்தில் நாட்கணக்கில் நிலைப்பதாலும், அளவை மீண்டும் மீண்டும் பார்ப்பது உண்மையிலேயே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. மருந்தை உறிஞ்சும் கரியைத் தொடர்ந்து கொடுப்பதா, கடுமையான நிலையில் இரத்தச் சுத்திகரிப்புக்கு அனுப்புவதா என்பதற்கு அந்த எண் வழிகாட்டும்.

வீட்டிலிருந்து என்ன கொண்டுவர வேண்டும்?

எல்லாவற்றையும். வெற்று அட்டைகள், போத்தல்கள், நிலத்தில் சிதறியவை, குப்பைக் கூடையில் கிடப்பவை, வீட்டில் உள்ள அனைவருடைய கிளினிக் கொப்பிகள். விழுங்கியவருடைய குளிசையை மட்டும் தேடாதீர்கள். பெரும்பாலும் அது அம்மம்மாவுடையதாகவோ, வலிப்புள்ள தம்பியுடையதாகவோ இருக்கும்.

அரச வைத்தியசாலைகளில் குளிசைகளைச் சிறிய கடதாசி உறைகளில் இட்டுத் தருவது வழக்கம். உறையில் வேளை எழுதியிருக்கும். மருந்தின் பெயர் கிறுக்கலாக இருக்கும் அல்லது ஈரம் பட்டு அழிந்திருக்கும். பிஸ்கட் டின் ஒன்றுக்குள் எல்லா உறைகளையும் போட்டு வைத்து, உறை கிழிந்து, வெள்ளைக் குளிசைகள் ஒன்றோடொன்று கலந்துபோன நிலையில் கொண்டுவருவோரும் உண்டு. அந்த டின்னை அப்படியே கொண்டுவாருங்கள், நீங்கள் பிரித்து அடுக்க வேண்டாம். ஒருமுறை கிடைத்தது பாதியாகக் கிழிந்த வெள்ளித் தாள் மட்டுமே; பெயரின் கடைசி எழுத்துகள் "-சிபாம்" என்று முடிந்தன. குடும்பம் எது என்பதை அந்த மூன்று எழுத்தே சொல்லிவிட்டது. முதல் மணித்தியாலத்தில் எந்தக் கருவியாலும் தர முடியாத விடை அது.

உண்மையைச் சொன்னால் பொலிஸ் வழக்குப் போடுமே?

தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் இன்று குற்றமல்ல. 1998 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது அந்தப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் இந்தச் செய்தி பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. "மயக்கம் போட்டு விழுந்தவர்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிசை அட்டையை ஒளிப்பவர்களை இன்றும் காண்கிறோம். ஒளிக்கும் ஒவ்வோர் அட்டையும் வைத்தியரைத் தவறான திசையில் அனுப்பக்கூடும்.

தப்பிப் பிழைத்தவருடன் பேச யாருமில்லை என்றால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். அந்த எண்ணம் உங்களுக்கே வந்தாலும் அழைக்கலாம்.

ஒருவர் இறந்துவிட்டால் பரிசோதனை எப்படி மாறுகிறது?

அப்போது அது சட்ட விடயமாகிவிடுகிறது. திடீர் மரண விசாரணை அதிகாரியின் அல்லது நீதவானின் பணிப்பின்படி சட்ட வைத்திய அதிகாரி மாதிரிகளை எடுத்து, முத்திரையிட்டு, பத்தரமுல்லை பெலவத்தையில் உள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்புவார். யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த நேரத்தில் போனது என்ற பதிவு அறுந்தால், எவ்வளவு துல்லியமான அறிக்கையும் நீதிமன்றத்தில் வலுவிழந்துவிடும்.

இறந்த உடலில் மருந்து அசையாமல் நிற்பதில்லை. ஈரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் அது இருதயத்தை அண்டிய இரத்தத்துக்குக் கசிந்து அளவைக் கூட்டிக் காட்டுவதால், தொடை நாளத்து இரத்தமே விரும்பப்படுகிறது. கண்ணினுள் உள்ள நீர், ஈரல், பித்தம், இரைப்பையில் எஞ்சியவை ஆகியனவும் எடுக்கப்படும். குளோனசிபாமில் இன்னொரு சிக்கல்: இறந்த பின் குடலிலிருந்து பரவும் பற்றீரியாக்கள் அதையும் 7-அமினோ உருவத்துக்கு மாற்றிவிடும். எனவே இரண்டையும் சேர்த்து அளந்தாலன்றி, விழுங்கியது கொஞ்சந்தான் என்று தவறாக முடிவுகட்ட இடமுண்டு.

பயணத்தில் யாரோ தந்த பானத்தைக் குடித்த பின் நினைவில்லை, நகையும் போய்விட்டது. இப்போது பரிசோதிக்கலாமா?

எவ்வளவு விரைவாக வருகிறீர்களோ அவ்வளவு நல்லது. இத்தகைய குற்றங்களில் கலக்கப்படுவது பெரும்பாலும் சிறிய அளவு. குறுகிய நேரமே நிற்கும் மருந்தானால் ஓரிரு நாட்களில் மறைந்துவிடும். இரவு ரயிலில் வந்து இறங்கிய காலையிலேயே, வீட்டுக்குப் போய்ப் படுத்து எழும்புவதற்கு முன்னர், முதற் சிறுநீரைச் சுத்தமான போத்தலில் பிடித்து, வைத்தியசாலைக்கும் பொலிஸுக்கும் போவது சிறந்தது. மீதிப் பானம் இருந்தால் அதையும் மூடிக் கொண்டுபோங்கள். நாட்கள் கடந்துவிட்டால் தலைமயிர் ஒரு வழி: அது மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்வதால், சில வாரங்கள் பொறுத்து வேரோடு ஒட்ட வெட்டிய கற்றையில் அந்த நாளின் தடயத்தைத் தேடலாம். அதற்கான வசதி எளிதில் கிடைப்பதில்லை.

ஆய்வுகூடத்துக்குப் போன் பண்ணினால் முடிவைச் சொல்வீர்களா?

மாட்டோம். முடிவு சிகிச்சையளிக்கும் வைத்தியருக்கே போகும். சில வேளைகளில் உறவினர் கண்ணாடி யன்னலுக்கு வெளியே நின்று, பட்டையில் கோடு வருவதைத் தாமே பார்த்துவிட்டு, "ஐயோ, கோடு வந்திட்டுது" என்று அழத் தொடங்குவார்கள். கோடு வந்தால் நெகட்டிவ் என்பதை அப்போது விளக்கப் போனால் அதற்கு மேலுள்ள எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருக்கும். ஆகவே நாங்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டு, வைத்தியரை அழைக்கிறோம்.